மருந்து நீட்டித்த ஆயுளும் ஒப்பந்த வேலையும்: எச்.ஐ.வி.யுடன் மூப்படையும் தொழிலாளர்கள்

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அன்று அத்தொற்று மரணத் தீர்ப்பாகவே கருதப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, அதற்கான முதல் மையங்களுள் ஒன்று. அதன்பின் தொற்றுடன் வாழ்வோரின் ஆயுள் நீண்டது. இன்று எழும் கேள்வி, நீண்ட அந்த ஆயுளை உடல்நலத்துடன் கழிக்க யாரால் முடிகிறது என்பதே.

தாம்பரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இக்கேள்வி கூர்மையடைகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபோது இருபது வயதில் வேலைக்கு வந்த தலைமுறை இன்று ஐம்பதை நெருங்குகிறது. அத்தலைமுறையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு, தொற்றைக் காட்டிலும் அதனோடு சேர்ந்து வரும் முதுமை நோய்களே பெரிய சவாலாகின்றன.

மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறையும். அந்நிலையில் உடலுறவு வழியே அது பிறருக்குப் பரவாது. ஆயினும் உடலுக்குள் மெல்லிய அழற்சி நீடிக்கிறது. அதனால் மாரடைப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய், எலும்புத் தேய்மானம் ஆகியவை முன்கூட்டியே வரக்கூடும். 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு, 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேரிடம் நடத்தப்பட்டது. நாள்தோறும் ஸ்டாட்டின் வகை மாத்திரை ஒன்றை உட்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தன. எனவே நாற்பதைக் கடந்தவர்கள் இம்மருந்து தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இப்போது பரவலாக வழங்கப்படும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் உள்ளன. டெனோஃபோவிர் சிலரின் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். டோலுடெக்ராவிர் சிலருக்கு உடல் எடையைக் கூட்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினின் அளவை டோலுடெக்ராவிர் இரத்தத்தில் உயர்த்துவதால், இரண்டையும் உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அமில முறிவு மருந்தைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் கழித்தோதான் இம்மாத்திரையை விழுங்க வேண்டும். ஆண்டுதோறும் வைரஸ் அளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என்பதால், அதற்கான பரிசோதனையும் இன்றியமையாதது.

இவையனைத்தும் எளிய அறிவுரைகளே. ஆனால் கடைப்பிடிக்க நேரமும் விடுப்பும் வேண்டும். வாரந்தோறும் மாறும் ஷிப்டில் மாத்திரைக்கான நேரம் தவறுகிறது. கழிப்பறை இடைவேளைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீரகம் இருமடங்கு சுமையைத் தாங்குகிறது. மருந்து வாங்கச் செல்லும் நாளில் ஒப்பந்தத் தொழிலாளி அன்றைய கூலியை இழக்கிறார். அடிக்கடி விடுப்பு எடுத்தால் வேலையையும் இழக்கிறார். வேலை போனால் இ.எஸ்.ஐ. காப்பீடும் நிலைப்பதில்லை.

துப்புரவு, சுமைதூக்குதல் போன்ற ஒப்பந்த வேலைகள் எந்தச் சாதியினரின் தோளில் ஏற்றப்படுகின்றன என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனித் தட்டு, தனிக் கட்டில், தொடத் தயங்கும் கை ஆகிய எச்.ஐ.வி. ஒதுக்கலின் வடிவங்களும் தீண்டாமை நமக்குப் பழக்கியவையே. ஏற்கெனவே சாதியால் ஒதுக்கப்பட்டவர், விடுதி அறையில் மாத்திரைப் புட்டியை மறைத்து வைப்பதில் வியப்பில்லை. அவ்வாறு மறைத்து வாழ்பவருக்கு வேளை தவறாமல் மருந்து உட்கொள்வது கடினம்.

இதற்கு எதிரான சட்டம் நம்மிடம் உள்ளது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, வேலையில் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை முன்நிபந்தனையாக்குவதைத் தடை செய்கிறது. பணியாற்றத் தகுதியற்றவர் என்று சார்பற்ற மருத்துவர் எழுத்து வடிவில் மதிப்பிடாமலும், தகுந்த மாற்று ஏற்பாடு செய்ய ஏன் இயலவில்லை என்று நிர்வாகம் எழுத்தில் விளக்காமலும் தொற்றைக் காட்டி ஒருவரை வேலையை விட்டு நீக்க முடியாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். மாநில அளவில் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஒவ்வொரு ஆலை வாயிலிலும் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, இங்கே புகார் அலுவலர் யார் என்பது. நிலையான உடல்நலம் உள்ளவர்களுக்கு ஒரே தவணையில் பல மாத மருந்து, பரிசோதனை நாளுக்குக் காரணம் கேட்காத ஊதிய விடுப்பு, ஒப்பந்தம் முடிந்தாலும் தொடரும் மருத்துவக் காப்பு ஆகியவற்றை ஊதியக் கோரிக்கையோடு சேர்த்தே முன்வைக்க வேண்டும். மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. அதை உட்கொண்டு முதுமை காண்பதற்கான வேலைச் சூழலைப் போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது.