வீட்டுச் சண்டையும் உடல்நலமும்



வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். தோட்டத்து லயமானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய போர்ட் கிள்ளான் அடுக்குமாடி வீடானாலும் சரி, சண்டை இல்லாத குடும்பம் கிடையாது. இதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

கோபம் வந்தால் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் சுரப்பு நீர்கள் கூடுகின்றன. நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். கோபம் தணிந்தால் இறங்கிவிடும். ஆனால் நாள்தோறும் முறைத்துக்கொண்டே இருந்தால் தூக்கம் கெடும். தலைவலி, வயிற்றுக் கோளாறு வரும். இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரையும் ஏறும். இதை மறக்கத் தண்ணி போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். செலவில்லாத மருந்துகள் மூன்று உண்டு.

1. கூட்டாளி

நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

"மாமியாரு என்கிட்ட பேசி மூணு மாசம் ஆச்சுக்கா. 'கொழம்புல உப்பு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னு பேத்திகிட்ட சொல்றாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்!"

"உங்க வீட்டுலயாவது பேத்தி. எங்க வீட்டுல பூனைகிட்ட சொல்றாங்க!"

இருவரும் சிரித்துவிடுவார்கள். சண்டை தீரவில்லைதான். ஆனால் 'நமக்கு மட்டுமா இப்படி' என்ற பாரம் இறங்கிவிட்டது. சிரிக்கும்போது இறுகிய தசைகள் தளர்கின்றன, மூச்சு ஆழமாகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: கூட்டாளியோடு சிரிப்பது மருந்து. மாமியார் முகத்துக்கு நேரே கேலி பேசுவது அடுத்த சண்டைக்கு விதை.

2. ஓட்டம்

கோபத்தில் உடம்பு அடிக்கவோ ஓடவோ தயாராகிறது. ஓடிவிட்டால் அந்த வேகம் நல்ல வழியில் செலவாகும், மனமும் இலேசாகும். "குலை தூக்கிட்டு வர்றோம், இன்னும் ஓடணுமா?" என்பீர்கள். நியாயம்தான். வேலை நாளில் மெதுநடை போதும். ஓய்வு நாளில் தஞ்சோங் ஹராப்பான் கடலோரம் கூட்டாளியோடு இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் ஓடிப் பழகலாம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை அல்லது 75 நிமிட ஓட்டம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நம் டாக்டர் மணி ஜெகதீசன் ஓட்டத்தையும் வைத்தியத்தையும் சேர்த்தே வளர்த்தவர். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது.

3. வாசிப்பு

சண்டை முடிந்ததும் அதையே மனத்தில் அரைக்காமல் பத்துப் பக்கம் படியுங்கள். தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' போன்ற நகைச்சுவைக் கதைகள் நல்லவை. அசடு என்று எல்லாரும் நினைக்கும் சாம்பு, தடுமாறியே ஜெயிப்பான். அவனைப் பார்த்துச் சிரித்துப் பழகியவருக்குத் தம் வீட்டு அசட்டுத்தனமும் கண்ணில் படும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். பேசாத இருவர் ஒரே கதைக்குச் சிரித்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

கடைசியாக ஒன்று. அடி, உதை, மிரட்டல் சிரித்து மறக்கிற விஷயமல்ல. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அதைத் தடுக்கவே வந்தது. போலீசில் புகார் கொடுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்யலாம். பக்கத்து வீட்டில் அப்படி நடந்தாலும் 'அவங்க குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்தாதீர்கள்.