ஹாலுக்குள்ளே ஒரு ஹெலிபேட்!

பர்த் டேவுக்கு மாமா வாங்கிக் கொடுத்த குட்டி ரிமோட் ஹெலிகாப்டர் உங்க வீட்டுப் பரணில் தூங்குதா பாஸ்? கவலையே படாதீங்க, பக்கத்து வீட்டுப் பரணிலும் ஒண்ணு தூங்கும். வாங்கின அன்னிக்கு 'விர்ர்ர்'னு கிளம்பி சீலிங்கில் முட்டியிருக்கும். மறுநாள் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாடி குப்புற விழுந்திருக்கும். மூணாம் நாள் அம்மா அதை அட்டைப்பெட்டியில் போட்டு மேலே ஏத்தியிருப்பாங்க!

இறக்குங்க அதை. தூசியைத் தட்டுங்க. தினம் ரெண்டு சார்ஜ், ஒரே ஒரு வாரம். அதுக்குள்ளே அது உங்க பேச்சைக் கேட்கும். கூடவே, ஃபிஸிக்ஸ் புக்கில் மனப்பாடம் பண்ணின சில சமாச்சாரங்கள் கட்டை விரலுக்கே புரிய ஆரம்பிச்சிடும்.

பத்து கிராம் பறவை

பெல்ஜியத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் வான் டி ரோஸ்டைன் என்ற இன்ஜினீயருக்குக் குட்டி ஹெலிகாப்டர் என்றால் உயிர். அவர் செய்த 'பிக்ஸெலிட்டோ'வின் எடை வெறும் 6.9 கிராம். அதே மூளையில் உதித்த 'பிக்கூ ஸி'யை ஹாங்காங்கின் சில்வர்லிட் கம்பெனி 2006-ல் பொம்மையாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. தெர்மாகோல் மாதிரியான நுரை உடம்பு, சுமார் 10 கிராம் எடை. உலகமே ஹாலுக்குள் ஹெலிகாப்டர் விட ஆரம்பித்தது அப்போதுதான். இதைச் சாத்தியமாக்கியது லித்தியம் பாலிமர் பேட்டரி. கொஞ்சூண்டு எடையில் நிறைய மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் சமர்த்து!

ரெண்டு இறக்கை ரகசியம்

மோட்டார் இறக்கையை ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப் பக்கம் சுற்றப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி! பெரிய ஹெலிகாப்டர்களில் வாலில் இருக்கும் சின்ன விசிறிதான் உடம்பைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

சைமா எஸ் 107 மாதிரியான பொம்மைகளில் வேறு டெக்னிக். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரெண்டு அடுக்கு இறக்கை. ஒன்று இடமாகச் சுற்றினால் இன்னொன்று வலமாகச் சுற்றும். இழுபறி சமன். திரும்பணுமா? ஒரு அடுக்கின் வேகத்தைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்தால் போதும். வாலில் படுத்திருக்கும் குட்டி விசிறி, வாலைத் தூக்கியோ இறக்கியோ வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தும். உச்சியில் ரெண்டு முனையிலும் குண்டு வைத்த ஒரு கம்பி சுற்றுதே, அது அழகுக்கு இல்லீங்க. ஹெலிகாப்டர் சாயும்போது அதை நிமிர்த்துகிற வேலை அதனுடையது. நம் கடற்படையிடம் இருக்கும் ரஷ்யத் தயாரிப்பான காமோவ் 31 ஹெலிகாப்டரும் இதே ரெண்டு அடுக்கு ஜாதிதான்!

ஓட்டலாமா?

முதல் வேலை, ஃபேனை ஆஃப் பண்ணுங்க. ஏ.சி. இருந்தால் அதையும். பத்து நாற்பது கிராம் வண்டிக்கு நம்ம சீலிங் ஃபேன் காற்றே புயல். வெயில் நேராக விழுகிற ஜன்னலுக்குத் திரை போடுங்க. நிறைய குட்டி ஹெலிகாப்டர்களின் ரிமோட், டி.வி. ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யுது. வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால், ரிமோட் சொல்வது வண்டிக்குக் காதில் விழாது. குட்டிப் பசங்களைத் தள்ளி நிறுத்துங்க. சுற்றுகிற இறக்கை கண்ணில் பட்டால் விளையாட்டு வினையாகிடும்.

தரையில் ஒரு நியூஸ் பேப்பரை விரிங்க. அதுதான் உங்க ஹெலிபேட். வாலை உங்க பக்கம் வைத்து நிறுத்துங்க. இப்போ உங்க இடதுதான் அதோட இடது.

புதுசா ஓட்டுகிறவங்க பயத்தில் அரையடி உயரத்திலேயே வைத்துக்கொள்வாங்க. அங்கேதான் வில்லன் இருக்கார்! இறக்கை கீழே தள்ளுகிற காற்று தரையில் மோதிச் சிதறி, வண்டியை அலைக்கழிக்கும். தைரியமா இடுப்பு உயரத்துக்கு ஏத்துங்க. ஆட்டம் சட்டுனு அடங்கும். அதுக்காக ரொம்ப மேலே போக வேண்டாம். சீலிங் பக்கத்தில் போனால் மேலே உறிஞ்சும், சுவர் பக்கத்தில் போனால் சுவர் இழுக்கும். ஹாலின் நடுதான் பாதுகாப்பான ஏரியா.

வண்டி தானாகவே மெல்லச் சுற்றுதா? ரிமோட்டில் இருக்கும் ட்ரிம் பட்டனை எதிர்ப் பக்கமாக ஒவ்வொரு புள்ளியா நகர்த்தி நிறுத்துங்க. த்ராட்டிலை அழுத்தித் தள்ளாதீங்க, தொட்டுத் தொட்டு எடுங்க. ஏறிக்கிட்டிருக்கும்போதே கொஞ்சம் குறைக்கணும், இறங்க ஆரம்பிச்சதுமே கொஞ்சம் கூட்டணும். வண்டி நின்ன பிறகு யோசித்தால் லேட்!

பேப்பருக்கு மேலே பத்து செகண்ட் நின்னால் பாஸ் மார்க். முப்பது செகண்ட் நின்னால் ஃபர்ஸ்ட் கிளாஸ். டிஸ்டிங்ஷன் வேணுமா? மூக்கை உங்க பக்கம் திருப்பி நிறுத்துங்க. இப்போ இடதும் வலதும் தலைகீழ்! நல்லா ஓட்டுறவங்களுக்கே கை உதறும். வண்டிக்குள்ளே நாமளே உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கிட்டால் குழப்பம் குறையும்.

முட்டப் போகுதுன்னு தெரிஞ்சா, காப்பாத்தறேன்னு த்ராட்டிலைக் கூட்டாதீங்க. உடனே பூஜ்ஜியம்! சும்மா விழுந்தால் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சோபாவில் சிக்கின இறக்கையை மோட்டார் விடாமல் சுற்றப் பார்க்கும்போதுதான் பல்சக்கரம் தேயும், மோட்டார் கருகும். பரணுக்குப் போகும் வண்டிகளில் பல இப்படிப் போனவைதான்.

பேட்டரி பத்திரம்

சில நிமிஷம் பறந்ததும் வண்டி சோர்ந்து கீழே வரும். உடனே நிறுத்திடுங்க. கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் லித்தியம் பேட்டரியின் ஆயுசு போச்சு. சூடு ஆறிய பிறகுதான் சார்ஜ். மெத்தை மேல் வைத்தோ, தூங்கும்போதோ சார்ஜ் போடவே கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு கதை முடிந்தது. அழுத்திப் பார்ப்பது, ஊசியால் குத்துவது எல்லாம் வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்க.

செவ்வாய்க்குப் போன அண்ணாச்சி

"பொம்மைக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேட்கிறீங்களா? நாஸாவின் 'இன்ஜெனியூட்டி'யைக் கேளுங்க. 1.8 கிலோ எடை, அதே ரெண்டு அடுக்கு இறக்கை. அதுவும் முதலில் பறந்தது ரூமுக்குள்ளேதான்! கலிஃபோர்னியாவில் உள்ள ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்தில் 25 அடி அகலத்தில் ஒரு ராட்சத அறை. காற்றை உறிஞ்சி எடுத்து, செவ்வாய் கிரகம் மாதிரி ஆக்கிவிட்டு, ஒரு சின்ன மாதிரியை மனிதர் ஒருவர் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டிப் பார்த்தார். தாறுமாறா ஆடிச்சு. அந்த மெல்லிய காற்றில் மனுஷக் கை அவ்வளவு வேகமாகத் திருத்த முடியலை. பொறுப்பைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தாங்க. 2016 மே மாதம் அதே அறையில் பெரிய மாதிரி கட்டுப்பாட்டோடு பறந்தது. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் 3 மீட்டர் உயரம் ஏறி, 39 செகண்ட் பறந்து இறங்கியது இன்ஜெனியூட்டி. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் இறக்கை உடைந்து ஓய்வு பெறும் வரை பறந்தது 72 முறை!

இன்னிக்கு விற்கிற நாலு இறக்கை ட்ரோன்களில் பலவும், கையை எடுத்துட்டாலும் சமர்த்தா அந்தரத்தில் நிற்கும். எல்லாத்தையும் சிப் பார்த்துக்கும். வசதிதான். ஆனால், நிற்க வைப்பது எவ்வளவு கஷ்டம்னு அது உங்களுக்குச் சொல்லாது. நாளைக்கு அந்த சிப்புக்கு புரோகிராம் எழுதப் போவது உங்களில் யாரோ ஒருத்தர். எதை எப்போ எவ்வளவு திருத்தணும்னு ஒரு தடவையாவது சொந்த விரலால் தெரிஞ்சுக்கிட்டவங்க எழுதினால், அந்த புரோகிராமே தனி ரகமா இருக்கும்.

சரி, ஃபேன் ஆஃப்... திரை க்ளோஸ்... பேப்பர் ரெடி. முப்பது செகண்ட், ஸ்டார்ட்!