சொந்தத்தில் சம்பந்தமா? முதலில் ரத்தப் பரிசோதனை

மே மாதம் பள்ளிக்கூட விடுமுறை விட்டால் புனேயில் உள்ள நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறுகிறார்கள். கட்கி தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரானாலும், ராஸ்தா பேட்டையில் குடியிருக்கும் குமாஸ்தாவானாலும், ஊரில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தம்பிக்கு வயசாகிறதே, மாமன் மகள் காத்திருக்கிறாளே, எப்போது முடிக்கலாம்?"

தெரிந்த பெண், சீர்வரிசைத் தகராறு இல்லை, சொத்து வெளியே போகாது என்று காரணங்கள் சொல்வார்கள். அவற்றை ஒதுக்கிவிட முடியாது. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவில் வாழ்க்கைப்பட்டவர்கள். நாடு முழுவதற்கும் கணக்கு 11தான்.

இங்கே மராத்தியரிடையேயும் மாமன் மகளைக் கட்டுவதுண்டு. ஆனால் அக்காள் மகளைக் கட்டுவது என்றால் வியப்பாகப் பார்ப்பார்கள். புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே, வடக்கத்தி முறைக்கும் தெற்கத்தி முறைக்கும் உள்ள இந்த வேறுபாடுகளை 1953ல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதினார். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தாய்மாமன் - மருமகள் திருமணத்தைத் தடை செய்தாலும், வழக்கம் உள்ள இடத்தில் அனுமதிக்கிறது. ஆகவே சட்டத்தில் சிக்கல் இல்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்பதே கேள்வி.

ஒளிந்திருக்கும் குறை

நம் உடலை அமைக்கும் குறிப்புகளுக்கு ஜீன்கள் என்று பெயர். பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் இரண்டிரண்டாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பல நோய்களில், ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். ஆள் திடகாத்திரமாகவே இருப்பார். தம்மிடம் குறை இருப்பது அவருக்கே தெரியாது. இவரைத்தான் டாக்டர்கள் 'கேரியர்' என்கிறார்கள்.

ஒரே குறையைச் சுமக்கும் இருவர் மணந்தால்தான் தொல்லை. பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேர்ந்து நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோரைப் போலவே கேரியராக இருக்க நான்கில் இரண்டு பங்கு. குறையே இல்லாமல் பிறக்க நான்கில் ஒரு பங்கு.

மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. அதனால் அவர்களுடைய ஜீன்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடம் ஒளிந்திருந்த குறை இருவரிடமும் இறங்கியிருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் நடந்த ஆய்வு 2013ல் வெளியாயிற்று. பிறவிக் குறை உள்ள குழந்தைகள் மற்றவர்களிடையே நூற்றுக்கு 3 என்றால், பெற்றோர் அத்தை, மாமன், சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளாக இருந்த குடும்பங்களில் 6. அதாவது இரு மடங்கு. ஆனால் மீதி 94 குழந்தைகள் நன்றாகவே பிறந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

மாதந்தோறும் ரத்தம்

இவ்வகை நோய்களில் ஒன்று தாலசீமியா. பிறக்கும்போது குழந்தை நன்றாக இருக்கும். சில மாதங்களில் வெளுத்துப் போகும், பால் குடிக்காது, வயிறு உப்பும். பிறகு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்திலிருந்து உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. இதே விதியில் வரும் சிக்கிள் செல் நோய் 1952ல் நம் நீலகிரி ஆதிவாசிகளிடம் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்தில் விதர்பா, நந்துர்பார் பகுதிகளில் காணப்படுகிறது.

மூன்று தவறான எண்ணங்கள்

"மருமகள் வந்த ராசி" என்பது முதல் தவறு. குழந்தைக்கு இந்த நோய் வரத் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதைக் கொடுத்திருக்க வேண்டும். பெண்ணை மட்டும் குற்றம் சொல்லுவது அநியாயம்.

"நான்கில் ஒன்று என்றால், முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்" என்பது இரண்டாவது. ஒவ்வொரு பிரசவத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இரண்டாவது குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

"அந்நியத்தில் கட்டினால் பயமே இல்லை" என்பது மூன்றாவது. ஒரே சமூகத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தாலும் ஒரே குறை பலரிடம் இருக்கலாம். பிம்ப்ரியில் குடியேறிய சிந்தி மக்களிடையே தாலசீமியா கேரியர்கள் அதிகம் என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம்.

என்ன செய்யலாம்?

தாலசீமியா, சிக்கிள் செல் இரண்டுக்கும் சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும், ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டும் பரிசோதனையும் போதும். நிச்சயத்துக்கு முன்பே செய்துகொள்வது நல்லது. ஒருவர் மட்டும் கேரியர் என்றால் சம்பந்தத்தை நிறுத்தத் தேவையில்லை. குழந்தைக்கு அந்தக் கடும் நோய் வராது. கேரியராக இருப்பது நோயும் அல்ல. பெண்ணைப் பற்றி ஊரில் பேசவும் கூடாது.

ஒரு பரிசோதனை எல்லா நோயையும் காட்டிவிடாது. குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறை போன்றவற்றோடு குழந்தை பிறந்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதலில் அந்தக் குழந்தையைப் பரிசோதித்தால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும்.

கணவன் மனைவி இருவரும் கேரியர் என்று தெரிந்தால், கர்ப்பம் தரித்த பதினோராவது வாரம் முதல் சிசுவைப் பரிசோதிக்க வழி உண்டு. இதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். ஆகவே கர்ப்பம் என்று தெரிந்ததுமே டாக்டரிடம் போய்விட வேண்டும். ஐந்தாம் மாதம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: "மாமன் மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிட்டு நாள் குறிப்போம்." அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.