நடுப்பருவத்தின் பொறுமை

மாத்தளை நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவில், 1874ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்டு, நித்தவெல மைதானத்தைத் தன் இல்லமாகக் கொண்ட கண்டி விளையாட்டுக் கழகம், மலைநாட்டில் றக்பி ஆட்டத்தை இன்றளவும் போஷித்து வருகிறது. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்காக இலங்கைக்கு வந்த இவ்வாட்டம், காலக்கிரமத்தில் மாத்தளைப் பாடசாலைகளின் மைதானங்களிலும் வேரூன்றியது.

பக்கத்திற்குப் 15 பேர் 80 நிமிடங்கள் பொருதும் இவ்விளையாட்டில், ஆரம்பத்தின் உற்சாகம் தணிந்து, இறுதிப் போட்டியோ இன்னும் தூரத்தில் இருக்கும் நடுப்பருவமே ஒரு கழகத்தின் உண்மையான பரீட்சைக் காலம். அப்போதுதான் காயமுற்றவரின் இடத்தை நிரப்பும் இளைஞனும், மாலைதோறும் தவறாமல் பயிற்சிக்கு வரும் மூத்தவரும், கோடு போட்டு மைதானத்தைச் செப்பனிடும் ஊழியரும் கழகத்தின் ஜீவனைக் காக்கின்றனர்.

ஆயினும், வெற்றியினும் தேகமே பெரிது. தலையில் அடிபட்டு மயக்கமோ தடுமாற்றமோ கண்ட வீரர் உடனே வெளியேற வேண்டும். அன்றைய தினம் மீண்டும் ஆடலாகாது. வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம். பயிற்றுநர்களே, பெற்றோர்களே, இந்நியதியை ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.