நெரவியிலிருந்து கோடிக்கரை வரை: ஒரு சைக்கிள் பாதை

கடற்கரையில் புறப்பட்டு வனத்தில் முடியும் சைக்கிள் பிரயாணம் என்றால், மேற்கே வெகுதூரம் போய் மலையடிவாரத்துக் காடுகளை நாடவேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் காரைக்காலுக்குத் தெற்கே, அரசலாற்றுக்கு அக்கரையில் வயல்கள் சூழ்ந்து விளங்கும் நெரவியில் ஒருவர் அதிகாலையில் சைக்கிளை எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கு நோக்கி மிதிப்பாரானால், 80 கிலோமீட்டருக்குள்ளாகவே, சமுத்திரத்தின் ஓரத்திலேயே மண்டிக் கிடக்கும் கோடிக்கரை வனத்தைச் சென்றடையலாம். ஆற்றுப் பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்லத்தக்கது இவ்வழியில் எங்கும் இல்லை. ஆகவே பழக்கப்பட்ட வீரர்கள் மாத்திரமன்றி, பள்ளிப் பிள்ளைகளின் பழைய சைக்கிளை வைத்திருப்பவரும் இதை உத்தேசிக்கலாம்.

ஏற்றம் இல்லாத பிரதேசத்தில், மலைப்பாதைக்காரனுக்கு மலை எப்படியோ, அப்படியே நமக்குக் காற்று. கரையோர மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டு, அதைக் கேட்டே கடலில் இறங்குகிறார்கள். தரையில் போகும் நாமும் அவர்களைப் பின்பற்றினால் பாதிச் சிரமம் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. ஆனியிலும் ஆடியிலும் தெற்கும் மேற்குமாக வீசும் காற்று எதிரே நின்று மறிக்கும். தை பிறந்த பிறகோ, மழை ஓய்ந்து, அறுவடை தொடங்கி, வடகிழக்குக் காற்று முதுகுப்புறமிருந்து மெல்லத் தள்ளிக்கொடுக்கிறது. அயல்தேசத்துப் பறவைகள் கோடிக்கரையில் தங்கியிருப்பதும் அந்தக் காலத்தில்தான்.

முதலில் திருமலைராயன்பட்டினம். கடலைத் தொட்டுவிட்டே புறப்படவேண்டும் என்னும் ஆசையுள்ளவர்கள் இங்கே பட்டினச்சேரிக் கரைக்கு இறங்கிவிட்டு வரலாம். காளமேகப் புலவர் மண்மாரி பொழியுமாறு சபித்ததாக வழங்கும் கதை இவ்வூரைப் பற்றியதே. அப்பால் வாஞ்சூரில் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1954 வரை பிரெஞ்சு இந்தியாவின் விளிம்பாக இருந்த இவ்விடத்தில், இப்போது துறைமுகத்து லாரிகளுக்கே அஞ்சவேண்டும். ஆதலால் பொழுது நன்றாக விடிவதற்குள் இதைக் கடந்துவிடுவது உத்தமம். நாகூரில் வெட்டாற்றைத் தாண்டி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய உயர்ந்த மினாராவைத் தரிசித்து, சூடான வாடாவும் தேநீரும் அருந்தினால், நாகப்பட்டினத்து நெரிசலைக் கடக்கும் தெம்பு வந்துவிடும். நாகையிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 11 கிலோமீட்டர்.

வேளாங்கண்ணிக்குப் பிறகுதான் பாதை தன் சுபாவத்தைக் காட்டுகிறது. திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, தோப்புத்துறை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, காவிரி கொணர்ந்த களிமண் மறைந்து மணல் மேலிடுகிறது. நெல்வயல் போய், சவுக்கும், தென்னையும், முல்லைத் தோட்டமும், புகையிலைக் கொல்லையும் வருகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகளை நினைத்துக்கொண்டு, இன்று அவ்விடங்களில் நிற்கும் இளங்கன்றுகளைப் பார்க்கும்போது, இம்மக்களின் உழைப்பின்மீது பெருமதிப்பு உண்டாகிறது. இப்பகுதியில் கடைகள் அடுத்தடுத்து இராது. தண்ணீரை வேளாங்கண்ணியிலேயே நிரப்பிக்கொள்வது அவசியம்.

முதல் நாள் வேதாரண்யத்தில் தங்கிவிடுவதே சரியான ஏற்பாடு. அப்பரும் சம்பந்தரும் பாடித் திருக்கதவம் திறக்கவும் அடைக்கவும் செய்த திருமறைக்காடு இது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பெடுத்ததும் இதன் கரையில்தான். அகஸ்தியம்பள்ளியில் அதன் நினைவுத் தூணையும், அருகே பாத்தி பாத்தியாக வெயிலில் மின்னும் உப்பளங்களையும் ஒருங்கே காணலாம். உப்புக்காற்று சைக்கிள் சங்கிலியைச் சீக்கிரமே துருப்பிடிக்கச் செய்யுமாதலால், இரவில் அதைத் துடைத்து எண்ணெயிடவேண்டும். சக்கரங்களையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கவேண்டும்: சாலையோரமெங்கும் பரவியிருக்கும் சீமைக்கருவேலின் முள், டயருக்குள் நுனி ஒடிந்து தங்கி, மறுநாள் காலையில்தான் டியூபைத் துளைக்கும்.

இரண்டாம் நாள் விடியலில் எஞ்சிய 11 கிலோமீட்டரை மிதித்தால், வனத்துக்குள் பிரவேசிக்கிறோம். பாலை மரங்கள் அடர்ந்த, என்றும் இலையுதிராத வறள்காடு இது; மணல்மேட்டின்மீது, கடற்காற்றைத் தாங்கி, உயராமல் குடைபோல் விரிந்து வளர்ந்தது. வெளிமான்களைக் காக்கும்பொருட்டு 1967-இல் இது சரணாலயமாயிற்று. 2002-இல் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் சேர்த்து 38,500 எக்டேர் பரப்பு சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. புல்வெளியில் முறுக்குக் கொம்புடைய கலைமான் தலைதூக்கி நோக்குவதையும், உப்புநீரில் பூநாரைகள் அலகைக் கவிழ்த்து இரைதேடுவதையும் காண்பதற்கு, ஓசையற்ற சைக்கிளைப் போன்ற வாகனம் வேறில்லை. கல்கியின் பூங்குழலியை நினைத்து வருபவர்கள் குழகர் கோயிலையும் கண்டு செல்லலாம். வனத்துறையின் அனுமதி பெறுவதும், அவர்கள் காட்டும் பாதையை விட்டு விலகாதிருப்பதும், கொண்டுபோன பொட்டலக் காகிதம்கூட அங்கே விழாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை.

திரும்பும்போது அதே காற்று எதிர்க்கும் என்பதை மறக்கலாகாது. வேதாரண்யத்திலிருந்து பேருந்தோ, அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் ரயிலோ சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது விவேகம். இவ்வளவு செல்வம் நிறைந்த பாதைக்குப் புதிதாகச் சாலை எதுவும் போடவேண்டியதில்லை. சாலையின் இருபுறமும் முள் அகற்றிய ஓர் ஒற்றையடி மண்பாதையும், நிழல் தரும் புங்கும் வேம்பும், ஊருக்கொரு குடிநீர்க் குழாயும் இருந்தால் போதும். இதைச் செய்து கொடுப்பது வழியிலுள்ள ஊராட்சிகளுக்கு இயலாத காரியமன்று. நாம் சைக்கிளில் போகத் தொடங்கினால்தான் அதைக் கேட்கும் உரிமையும் நமக்கு வரும்.