பெயின்ட் உரிந்தால் பலகை போய்விட்டதா?

பாஸ்டன் பக்கம் நூறு வருஷத்து மரவீட்டை வாங்கியவர்களுக்குக் குளிர்காலம் முடிந்ததும் ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். வெளிச்சுவரில் வரிசையாக அடித்திருக்கும் பலகைகளில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நிற்கும். பார்க்க வரும் ஒப்பந்தக்காரர், "எல்லாத்தையும் பிடுங்கிட்டு வினைல் பலகை அடிச்சிடலாம், பெயின்ட் தொல்லையே இருக்காது" என்பார். உடனே தலையாட்டிவிட வேண்டாம்.

உரிந்தது பெயின்ட்தான். மரம் எப்படி இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கூரான ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். தண்ணீர் தங்குகிற இடங்களில், அதாவது பலகையின் கீழ்விளிம்பு, இரு பலகைகள் சேரும் முனை, ஜன்னலின் அடிமூலை, மண்ணை ஒட்டிய வரிசை ஆகியவற்றில் குத்தி லேசாக நெம்புங்கள். நீளமான சிம்பாகப் பிளந்து வந்தால் நல்ல மரம். குறுக்கே பொட்டென்று முறிந்து துகளாக உதிர்ந்தால் மக்கிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் மக்கியது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். புதுப் பலகையின் பின்பக்கத்துக்கும் அறுத்த முனைகளுக்கும் பிரைமர் பூசிய பிறகே ஆணி அடிக்க வேண்டும். தச்சர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இது.

பழைய பலகையைக் காப்பாற்றச் சொல்வது வெறும் பழமைப் பாசத்தால் அல்ல. அந்தக் காலத்துப் பலகைகள் பெரும்பாலும் காட்டில் மெதுவாக வளர்ந்த மரங்களில் அறுத்தவை, வளையங்கள் நெருக்கமானவை. இன்று கடையில் கிடைக்கும், வேகமாக வளர்த்த மரம் அதற்கு ஈடாகாது.

ஆனால் தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எதைச் செய்தாலும் வீண். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் ஒழுகலாம், செடி சுவரை உரசலாம். குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவரில் மட்டும் பெயின்ட் வெறும் மரம் தெரியும்படி கழன்று வந்தால், உள்ளே எழும் நீராவி சுவர் வழியாக வெளியேறுகிறது என்று சந்தேகப்படலாம். அங்கே முதலில் தேவை நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன். இந்த நிலையில் மேலே வினைலை அடித்தால், மக்குவது நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

சில சுவர்களைக் கழற்றத்தான் வேண்டும். பல இடங்களில் ஸ்க்ரூடிரைவர் பின்னால் உள்ள அடிப்பலகை வரை இறங்கினால் பேச்சே இல்லை. மரநாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டும் அப்படியே: ஓரம் உப்பிவிட்டால் சீராக்க முடியாது. அங்கே ஃபைபர் சிமென்ட் பலகை நல்ல மாற்று.

எந்த முடிவானாலும், 1978க்கு முன் கட்டிய வீடென்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது அந்த ஆண்டில்தான். முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால், உலர்வாகத் தேய்ப்பதும் தீ காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. நனைத்துச் சுரண்டி, கீழே பிளாஸ்டிக் விரித்து, குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டும். கூலிக்கு வருபவரிடம் ஈயப் பெயின்ட் வேலைக்கான அரசுச் சான்றிதழைக் கேளுங்கள். பலகையைப் பிடுங்கும்போதும் ஈயத் தூள் பறக்கும் என்பதால், மொத்தமாக மாற்றுகிறவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.