இருமல் இல்லாமலும் வரும் காசநோய்

காசநோய் என்றதும் நமக்கு இருமலும் சளியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், காசநோய்க் கிருமி ரத்தத்தில் கலந்து மூளை உறையைத் தாக்கும்போது பலருக்கு இருமலே இருக்காது. மார்பு எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம். நோய் பிடிபடத் தாமதமாவது இதனால்தான்.

குணம் மாறினால்

முதலில் லேசான காய்ச்சல், விட்டு விட்டுத் தலைவலி, பசியின்மை. ஓடியாடிய பிள்ளை சுருண்டு படுக்கும், காரணமின்றி எரிந்து விழும், வாந்தி எடுக்கும். அஜீரணம் என்று மருந்து கொடுத்தே நாட்கள் போய்விடும். பெரியவர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், வீட்டு ஆட்களையே யாரென்று கேட்பார்கள். உடனே மனநோய் என்று முடிவு கட்டுகிறோம். மந்திரிக்க அழைத்துப் போவோரும் உண்டு. காய்ச்சலோடு சேர்ந்து குணம் மாறினால் மூளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்ணிலும் முகத்திலும்

மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான கசிவு படிந்து, அவ்வழியே செல்லும் நரம்புகளை நெருக்குகிறது. கண்ணை அசைக்கும் ஆறாவது மூளை நரம்பு பாதித்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இமை தொங்கலாம், வாய் கோணலாம். ரத்தக்குழாய் அடைத்து இளம் வயதிலேயே பக்கவாதம் வருவதுண்டு. மூளையில் காசநோய்க் கட்டி இருந்தால் வலிப்புதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். அபூர்வமாக, கை கால்கள் தன்னிச்சையாக ஆடும்.

முதுகில் ஊசி

நோயைக் கண்டறிய முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிப்பார்கள். "முதுகுல நீர் எடுத்தா இடுப்பு விழுந்துடும்" என்று பயந்து, கையெழுத்துப் போட மறுக்கும் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. எடுப்பதும் சில மில்லி நீர்தான். அதில் சர்க்கரை குறைந்து, புரதமும் நிணநீர் அணுக்களும் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை சில மணி நேரத்தில் முடிவு சொல்லும். அதில் கிருமி தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. அறிகுறிகளை வைத்தே மருத்துவர் மருந்தைத் தொடங்கினால், அது சரியான முடிவு.

மருந்து தொடங்கிய பிறகு

சிகிச்சை பெரும்பாலும் 9 முதல் 12 மாதம். வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டும் தருவார்கள். கிருமி அழியும்போதே கட்டி சிலகாலம் பெரிதாகலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது. எத்தாம்புட்டால் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிடுவோர் பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளை இந்தக் கொடிய வகையிலிருந்து பெருமளவு காக்கிறது. காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். காய்ச்சலும் தலைவலியும் ஒரு வாரத்தைத் தாண்டினால், "மூளைக் காசநோயாக இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் நீங்களே கேளுங்கள்.